வேர்ட்பிரஸ் தளத்தில் வீடியோ போடுவது எப்படி: சங்கம், கோயில், வகுப்பு நடத்துகிறவர்களுக்கு

சங்கத்துக்கோ கோயிலுக்கோ வெள்ளவத்தையில் நடக்கும் நடன வகுப்புக்கோ ஓர் இணையத்தளத்தை ஒருவாறு செய்து முடித்துவிட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் சொல்வார்: "தம்பி, அந்த விழா வீடியோவையும் அதில போட்டுவிடுங்கோவன்." அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. படம் ஏற்றிய மாதிரித்தானே என்று உங்களுக்கும் தோன்றும். ஆனால் படத்துக்குச் செய்ததையே வீடியோவுக்கும் செய்தால் தளம் படுத்துவிடும். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைத் தளத்துக்கு இந்த வேலையைச் செய்யப்போய் நான் மினக்கெட்டது கொஞ்சமல்ல. நீங்களும் அப்படி மினக்கெட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவை யூடியூப்பில் ஏற்றுங்கள், அதன் லிங்கை மட்டும் தளத்தில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். நாள் கணக்கில் இழுப்பது அதற்கு முன்னால் உள்ள வேலைகள்: யாரிடம் அனுமதி, எந்தக் கணக்கு, என்ன பாட்டு, எவ்வளவு பெரிய பைல்.

1. சாவி யாரிடம் என்று பாருங்கள்

வேர்ட்பிரஸ் தளங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேர்ட்பிரஸ்.கொம் தன் சேர்வரிலேயே நடத்தித் தருவது. மற்றது, வேர்ட்பிரஸ் மென்பொருளை நீங்கள் வாங்கிய ஹொஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சேர்வர் இடத்தில்) நிறுவியது. முதல் வகையின் இலவசத் திட்டத்தில் வீடியோ பைலை ஏற்றவே முடியாது, யூடியூப் லிங்கை ஒட்டலாம். இரண்டாம் வகையில் எல்லாம் செய்யலாம், உங்கள் ஹொஸ்டிங் விடுகிற அளவுக்கு.

இதைவிட முக்கியமான கேள்வி, பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பது. தளம் செய்து தந்த பொடியன் இப்போது மெல்பேர்னிலோ ஸ்காபரோவிலோ இருப்பான். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அவன் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். வீடியோ வேலையைத் தொடங்குமுன் மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: வேர்ட்பிரஸ் அட்மின் கணக்கு, ஹொஸ்டிங்கைக் கட்டுப்படுத்தும் சிபேனல் கணக்கு, டொமைன் பதிவுக் கணக்கு. வெறுமனே "ஓதர்" தரத்தில் ஒரு கணக்கைத் தந்துவிட்டு அதுவே போதும் என்பார்கள். போதாது. அந்தத் தரத்தில் இருந்துகொண்டு எம்பெட் கோடை (வீடியோவை வேறு தளத்தில் காட்ட யூடியூப் போன்றவை தரும் குறிமுறைத் துண்டை) ஒட்டினால், சேமித்த கையோடு வேர்ட்பிரஸ் அதை அழித்துவிடும். பிழை என்று ஒரு வார்த்தையும் வராது. குறைந்தது "எடிட்டர்" தரமாவது வேண்டும்.

2. பைலை ஹொஸ்டிங்கில் ஏன் ஏற்றக்கூடாது

ஐபோனில் 1080பி, செக்கனுக்கு 30 பிரேம் என்று எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி போகும். 4கே என்றால் அதே ஒரு நிமிடம் 170 எம்பி. கமரா செட்டிங்கில் இந்த எண்களை அப்பிளே எழுதி வைத்திருக்கிறது. ஆக, பரிசளிப்பு விழாவில் அதிபர் பேசிய பத்து நிமிடம் மட்டும் 600 எம்பி.

இப்போது வேர்ட்பிரஸில் "மீடியா" பகுதிக்குப் போய் புதிய பைல் ஏற்றும் பக்கத்தைத் திறவுங்கள். அதிகபட்ச அளவு இவ்வளவு என்று அடியில் ஒரு வரி இருக்கும். வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி மொழியின் இயல்பான அளவு வெறும் 2 எம்பி. ஹொஸ்டிங்காரர் அதை 64, 128 என்று கூட்டி வைத்திருப்பார்கள். 600 எம்பி அதற்குள் அடங்காது.

சிபேனலில் அந்த எல்லையைக் கூட்டலாம்தான். கூட்டி ஏற்றியும் விட்டீர்கள் என்று வைப்போம். 100 எம்பி வீடியோவை 300 பேர் முழுதாகப் பார்த்தால் 30 ஜிபி. மலிவான பெக்கேஜில் ஒரு மாதத்துக்கு உள்ளதே அவ்வளவாக இருக்கலாம். பெக்கப் எடுக்கும் பிளகின் (வேர்ட்பிரஸுக்கு மேலதிக வசதி தரும் சிறு மென்பொருள்) ஒன்று போட்டிருந்தால் அது ஒவ்வொரு தரமும் அந்த வீடியோவையும் சேர்த்துக் கட்டி வைக்கும். இடம் நிரம்பும். சங்கத்தின் மின்னஞ்சலும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும், ஏனென்றால் செயலாளருக்குக் கடிதம் வருவது நின்றுபோயிருக்கும்.

எல்லாவற்றையும் விட, தளத்தில் வைத்த பைல் ஒரே தரத்தில்தான் ஓடும். கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் வீட்டுக்குப் போகிறவரின் போனில் சிக்னல் ஏறி இறங்கும். யூடியூப் அதற்கேற்ப 360பி, 480பி, 720பி என்று தானே மாற்றிக்கொடுக்கும். உங்கள் பைல் தடக்கித் தடக்கி நிற்கும். இதைப் பற்றி எங்கள் ஹொஸ்டிங் கொம்பனியிடம் கேட்டபோது பெரிய பெக்கேஜுக்கு மாறச் சொன்னார்கள். மாறினால் ஆண்டுக் கட்டணம் கூடும். தடக்கல் போகாது.

3. அனுமதிகளை எழுத்தில் வாங்குங்கள்

இதை எல்லோரும் கடைசிக்கு விடுவார்கள். முதலில் செய்யுங்கள், ஏனென்றால் ஆட்களைப் பிடிக்கத்தான் நாள் எடுக்கும்.

வீடியோ எடுத்தவரிடம் ஒரு சிறு கடிதம். காசு கொடுத்துவிட்டோம், ஆகவே வீடியோ எங்களுடையது என்று நினைப்பது வழக்கம். இலங்கையில் பதிப்புரிமையை ஆள்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். காசு கொடுத்ததோடு எல்லா உரிமையும் கைமாறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்காமல், எழுத்தில் வாங்கி வைப்பதுதான் புத்தி. "இன்ன திகதி இன்ன மண்டபத்தில் எடுத்த வீடியோவை சங்கம் தன் இணையத்தளத்திலும் யூடியூப்பிலும் வெளியிட எனக்குச் சம்மதம்" என்று ஒரு வரி, கையெழுத்து, திகதி. வட்ஸ்அப்பில் வந்த "ஓகே அண்ணை" இரண்டு வருடம் கழித்துத் தேட அகப்படாது.

அதே மூச்சில் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பாட்டுப் போடாத பிரதி. கல்யாண வீடியோப் பழக்கத்தில் நம் வீடியோக்காரர்கள் விழா வீடியோவுக்கும் பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் பென்டிரைவில் தருவார்கள். விளக்கேற்றும் காட்சிக்கு ஒரு பாட்டு, சாப்பாட்டுக்கு இன்னொரு பாட்டு. யூடியூப் அதை நொடியில் கண்டுபிடிக்கும். சில பாட்டுக்கு உரிமைக்காரர் விளம்பரம் போட்டுக் காசு எடுத்துக்கொள்வார், வீடியோ ஓடும். சில பாட்டுக்குச் சில நாடுகளில் வீடியோவையே மறைத்துவிடுவார்கள். கொழும்பில் உங்களுக்கு வடிவாக ஓடும், கனடாவில் இருக்கும் பழைய மாணவருக்கு "வீடியோ கிடைக்கவில்லை" என்று வரும். பாட்டு அரை நிமிடத்துக்குக் குறைவென்றால் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதியே கிடையாது.

வீடியோக்காரரிடம் வேலை ஒப்படைக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. எடிட் செய்த மூலத்தை அவர் அழித்த பிறகு கேட்டால் பாட்டில்லாத பிரதிக்குத் தனிக்காசு, இல்லாவிட்டால் கையை விரிப்பு.

பிள்ளைகள் தெரிகிற வீடியோ என்றால் பெற்றோரின் சம்மதம். வகுப்புச் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு விழாவுக்கும் ஓடித்திரிய வேண்டியதில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்க, பிள்ளையின் படம் உலகம் முழுக்கப் போவதைப் பெற்றோரிடம் கேட்காமல் செய்வது சரியில்லை. வேண்டாம் என்று சொல்கிற பெற்றோரும் இருப்பார்கள். அந்தப் பிள்ளை வரும் பகுதியை வெட்டத்தான் வேண்டும்.

கோயில் தேரை மேலிருந்து எடுத்த ட்ரோன் காட்சி இருந்தால், எடுத்தவரிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். தேர் தரையிலிருந்து எடுத்தாலும் வடிவாகத்தான் இருக்கும்.

4. யூடியூப் சேனல் சங்கத்தின் பெயரில்

செயலாளரின் சொந்த ஜிமெயிலில் சேனல் தொடங்கினால், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறும்போது சேனலும் அவரோடு போய்விடும். சங்கத்துக்கென்று ஒரு கூகுள் கணக்குத் திறந்து அதில் சேனலை உருவாக்குங்கள். பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் அனுமதிகள் பகுதிக்குப் போய் செயலாளர், பொருளாளர், தளம் பார்க்கிறவர் என்று குறைந்தது மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டைப் பகிரத் தேவையில்லை.

போன் எண்ணால் கணக்கை உறுதிப்படுத்தும் வேலையையும் அப்போதே முடியுங்கள். உறுதிப்படுத்தாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது, உங்களுக்குப் பிடித்த முகப்புப் படத்தையும் போட முடியாது. ஒரு போன் எண்ணால் ஆண்டுக்கு இரண்டு சேனல்களைத்தான் உறுதிப்படுத்தலாம். ஊரில் உள்ள எல்லாச் சங்கத்துக்கும் ஒரே தம்பிதான் வேலை பார்க்கிறார் என்றால் இது அவருக்கு இடிக்கும்.

5. பைலைத் தயார்செய்தல்

யூடியூப்புக்கு என்றால் சுருக்கத் தேவையில்லை, கிடைத்த நல்ல பிரதியை அப்படியே கொடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த பிரதியை மட்டும் ஏற்றாதீர்கள். வட்ஸ்அப் ஏற்கெனவே அதைப் பிழிந்திருக்கும், பெரிய திரையில் முகமே தெரியாது. பென்டிரைவில் வாங்குங்கள், அல்லது கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள்.

போனில் நீங்களே எடுப்பதானால் போனைப் படுக்க வைத்துப் பிடியுங்கள். நிமிர்த்தி எடுத்தது தளத்தில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு நடுவில் ஒடுங்கி நிற்கும்.

பைலின் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். தமிழில் பெயர் வைத்த பைலைச் சில சேர்வர்கள் சிதைத்துவிடும். தலைப்பும் விவரமும் தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அச்சகத்தில் இருந்து வந்த அழைப்பிதழ் வாசகத்தை வெட்டி ஒட்டினால், அது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குப்பைதான் தெரியும். யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே ஒட்டுங்கள். வசன வரி (சப்டைட்டில்) செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். வசன வரிப் பைலை யுடிஎப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாக வரும்.

6. ஏற்றுதல்

வீட்டு இணைப்பின் பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே வேண்டியது பதிவேற்ற வேகம், அது பல பெக்கேஜ்களில் மிகக் குறைவு. வேகச் சோதனைத் தளம் ஒன்றில் பாருங்கள். 5 எம்பிபிஎஸ் கிடைத்தால் 600 எம்பி பைல் ஏறக் கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 1 எம்பிபிஎஸ் என்றால் ஒன்றேகால் மணித்தியாலம் தாண்டும். உங்கள் பெக்கேஜில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் படுக்கப் போகுமுன் தொடக்கிவிடுங்கள், பகல் டேட்டா மிஞ்சும். லெப்டொப் தூங்கப் போகாமல் செட்டிங்கை மாற்றிவையுங்கள். இடையில் இணைப்பு அறுந்தால் 24 மணித்தியாலத்துக்குள் அதே பைலைத் தெரிவுசெய்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

ஏற்றும்போது யூடியூப் சில கேள்விகள் கேட்கும். கவனிக்க வேண்டியவை இவைதான்.

சிறுவர்களுக்காகச் செய்ததா என்று கேட்கும். பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஆகவே "ஆம்" என்று அழுத்திவிடுவார்கள். கேள்வி அதுவல்ல. பார்க்கிறவர்கள் சிறுவர்களா என்பதுதான் கேள்வி. அரங்கேற்ற வீடியோவைப் பார்ப்பது பெற்றோரும் மாமா மாமியும். "ஆம்" என்று போட்டால் கருத்துப் பகுதி மூடப்படும், வேறு சில வசதிகளும் போய்விடும்.

யார் பார்க்கலாம் என்பதில் மூன்று தெரிவு. "பப்ளிக்" எல்லோருக்கும். "அன்லிஸ்டட்" என்றால் தேடலில் வராது, லிங்க் வைத்திருப்பவர் பார்க்கலாம், உங்கள் தளத்திலும் ஓடும். "பிரைவேட்" தளத்தில் ஓடாது. தளத்தில் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் "அன்லிஸ்டட்" போடுங்கள், ஆனால் அதை இரகசியம் என்று நினைக்க வேண்டாம். லிங்க் ஒரு குடும்பக் குரூப்புக்குப் போனால் ஊருக்கே போனது போலத்தான்.

கூடுதல் அமைப்புகளில் "எம்பெட்டை அனுமதி" என்ற பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தளத்தில் வராது. வயது எல்லை போட்ட வீடியோவும் வேறு தளத்தில் ஓடாது.

கடைசிக்கு முந்திய பக்கத்தில் பதிப்புரிமைச் சோதனை ஓடும். அது முடியும்வரை பொறுங்கள். பாட்டு அகப்பட்டுவிட்டால் ஸ்டூடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மௌனமாக்கலாம், யூடியூப்பின் இலவச இசை ஒன்றை மாற்றிப் போடலாம். ஏற்றி முடிந்த கையோடு மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், நல்ல தரம் பின்னால் வரும். லிங்கைச் சங்கத்து வட்ஸ்அப் குரூப்பில் போடுவதை அதுவரை ஒத்தி வையுங்கள். இல்லாவிட்டால் "என்ன இது ஒன்றும் தெரியேல்லை" என்று நாற்பது பேருக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

7. தளத்தில் ஒட்டுதல்

யூடியூப்பில் "ஷேர்" பொத்தானை அழுத்தி லிங்கை எடுங்கள். மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை எடுத்தால் சிலவேளை பிளேலிஸ்ட் விவரமும் ஒட்டிக்கொண்டு வரும்.

வேர்ட்பிரஸில் பக்கத்தைத் திறந்து ஒரு வெற்று வரியில் லிங்கை ஒட்டுங்கள். அது தானாக வீடியோவாக மாறும். அவ்வளவுதான். வசனத்துக்கு நடுவில் ஒட்டினால் மாறாது. மின்னஞ்சலில் இருந்து வெட்டும்போது பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வந்து சேர்ந்தாலும் மாறாமல் போகலாம். பழைய கிளாசிக் எடிட்டரிலும் இதே முறைதான், லிங்க் நீலக் கோடாக மாறியிருந்தால் அந்த இணைப்பை எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக விடுங்கள். எலிமென்டர் என்ற பக்கம் வடிவமைக்கும் பிளகினில் கட்டிய தளம் என்றால் "வீடியோ" விட்ஜெட்டை இழுத்துப் போட்டு அதில் லிங்கைக் கொடுங்கள். வேர்ட்பிரஸுக்குப் பதிலாக ஜூம்லா மென்பொருளில் தளம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமில்லை. அங்கே எடிட்டர் எம்பெட் கோடில் உள்ள ஐபிரேம் பகுதியை வெட்டிவிடும், பொது அமைப்புகளில் எழுத்து வடிகட்டியையும் எடிட்டரின் தடைப் பட்டியலையும் மாற்ற வேண்டும். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான டுருப்பலில் மீடியா பகுதியில் "ரிமோட் வீடியோ" என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

வீடியோ முடிந்ததும் வேறு வீடியோக்களின் படங்கள் வந்து நிற்கும். கோயில் கும்பாபிஷேகம் முடிந்த இடத்தில் ஏதோ ஒரு நகைச்சுவைத் துண்டு நின்றால் ஐயர் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். இதை முழுக்க நிறுத்த வழியில்லை. எம்பெட் கோடை எடுத்து, அதில் உள்ள லிங்கின் முடிவில் ரெல் சமன் பூச்சியம் (rel=0) என்ற குறிப்பைச் சேர்த்தால் உங்கள் சேனலின் வீடியோக்கள் மட்டும் வரும். அந்தக் கோடை "கஸ்டம் எச்டிஎம்எல்" ப்ளொக்கில் ஒட்ட வேண்டும்.

பக்கம் திறந்ததும் வீடியோ சத்தத்தோடு தானாக ஓட வேண்டும் என்று தலைவர் கேட்டால், பிரவுசர்கள் அதை விடாது என்று சொல்லுங்கள். சத்தமில்லாமல் மட்டும் ஓட விடும். அலுவலகத்தில் இருந்து தளத்தைத் திறக்கிற உறுப்பினர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

ஒரே பக்கத்தில் பத்து வீடியோ ஒட்டினால் பக்கம் திறக்கவே நேரமெடுக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் யூடியூப்பின் பிளேயரைத் தனித்தனியாக இழுத்து வரும். முகப்புப் படத்தை மட்டும் காட்டி, அழுத்தினால் பிளேயரைக் கொண்டுவரும் இலவசப் பிளகின்கள் இருக்கின்றன. டபிள்யூபி யூடியூப் லைட் அதில் ஒன்று. எலிமென்டர் விட்ஜெட்டிலேயே மேற்படம் போடும் வசதி உண்டு. முதல் பக்கத்தில் ஒரு வீடியோ, மற்றவை தனிப் பக்கத்தில் என்று வைப்பதுதான் என் விருப்பம்.

8. பேஸ்புக்கில்தான் வீடியோ இருக்கிறது என்றால்

நம் சங்கங்களில் பாதி விழாக்கள் பேஸ்புக் லைவில்தான் போகின்றன. அந்த லிங்கை வேர்ட்பிரஸில் ஒட்டினால் வீடியோ வராது. 2020 ஒக்டோபரில் பேஸ்புக் தன் விதிகளை மாற்றிய பிறகு அந்த வசதி போய்விட்டது. பதிவின் மெனுவில் "எம்பெட்" கோடை எடுத்து எச்டிஎம்எல் ப்ளொக்கில் ஒட்டலாம், பதிவு எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால்.

ஆனால் அதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 2025 பெப்ரவரி முதல் பேஸ்புக் லைவ் வீடியோக்கள் 30 நாளில் அழிந்துவிடுகின்றன. விழா முடிந்த கிழமையே அதைப் பதிவிறக்கி யூடியூப்பில் ஏற்றிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானிப்போம் என்று இருந்தால் தீர்மானிக்க ஒன்றும் மிஞ்சியிராது.

கூகுள் டிரைவ் லிங்கைத் தளத்தில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. பலர் ஒரே நேரத்தில் திறந்தால் டிரைவ் மறுத்துவிடும். அதை வீடியோ அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள், காட்ட வேண்டாம்.

9. தளத்திலேயே பைல் வேண்டும் என்றால்

முதல் பக்கத்தின் மேலே சத்தமில்லாமல் ஓடும் பத்துச் செக்கன் காட்சி. இதற்கு மட்டும் பைலை ஏற்றலாம் என்பேன். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, "பாஸ்ட் 720பி30" என்ற முன்னமைப்பைத் தெரிவுசெய்து, "வெப் ஒப்டிமைஸ்ட்" பெட்டியில் சரி போடுங்கள். அந்தப் பெட்டியை விட்டுவிட்டால் சில இடங்களில் முழுப் பைலும் இறங்கிய பிறகே வீடியோ தொடங்கும். எம்பி4, எச்.264 என்று வந்தால் எல்லா பிரவுசரிலும் ஓடும். ஐபோனின் மூவ் (MOV) பைலை அப்படியே ஏற்றினால் உங்கள் ஐபோனில் ஓடும், பழைய அன்ட்ரொய்ட் போனிலும் சில கணினிகளிலும் சத்தம் மட்டும் கேட்கும். 2 எம்பிபிஎஸ் அளவில் சுருக்கினால் ஒரு நிமிடம் 15 எம்பி, பத்துச் செக்கன் இரண்டரை எம்பி.

வேர்ட்பிரஸின் வீடியோ ப்ளொக்கில் மியூட், லூப், ஒட்டோபிளே, "பிளே இன்லைன்" நாலையும் போடுங்கள். கடைசியைப் போடாவிட்டால் ஐபோனில் வீடியோ முழுத்திரைக்குப் பாயும்.

கட்டணம் கட்டிய மாணவர்களுக்கு மட்டும் பாட வீடியோ காட்ட நினைக்கிற டியூஷன் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் மீடியாவில் ஏற்றிய பைலுக்கு அந்தப் பூட்டு இல்லை. பைலின் நேரடி முகவரி தெரிந்தவர் யாரும் இறக்கலாம். உங்கள் டொமைனில் மட்டும் ஓடும்படி பூட்டக்கூடிய கட்டணச் சேவையை நாடுங்கள். விமியோவில் அந்த வசதி உண்டு, பன்னி ஸ்ட்ரீமிலும் உண்டு.

10. செலவு

யூடியூப் வழிக்குச் செலவு உங்கள் டேட்டா மட்டும்தான். கட்டணச் சேவைகள் டொலரில். கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள், சில டெபிட் கார்டுகளில் அது மூடியிருக்கலாம். விலைப்பட்டியலில் உள்ள டொலரை அன்றைய விகிதத்தால் பெருக்கிப் பொருளாளரிடம் சொல்லாதீர்கள். வங்கி தன் விகிதத்தில், தன் கட்டணத்தையும் சேர்த்துத்தான் வெட்டும். உள்ளூர் ஹொஸ்டிங்காரர் வற் பதிவு செய்தவர் என்றால் சொன்ன விலைக்கு மேல் 18 சதவீதம் வரும், "வற் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முன்பே கேளுங்கள். மாதாமாதம் தானாக வெட்டும் சேவைக்கு யாருடைய கார்டைக் கொடுத்தீர்கள் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

11. வெளியிட்ட பிறகு

கேஷ் பிளகின் (பக்கத்தின் பிரதியைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டுவது) இருந்தால், பழைய பிரதி தெரியாதபடி அந்தக் கேஷை ஒருமுறை துடையுங்கள். பிறகு வைபையை நிறுத்திவிட்டு, லொக்கின் செய்யாத ஒரு போனில், வட்ஸ்அப்பில் வந்த லிங்கை அழுத்திப் பாருங்கள். உங்கள் உறுப்பினர்கள் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒவ்வொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டுத் தடை அங்கேதான் தெரியும்.

வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் "பிழை 153" என்று வந்தால் யூடியூப்பில் தேட வேண்டாம். உங்கள் தளம், தான் யார் என்ற தகவலை யூடியூப்புக்கு அனுப்பவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பாதுகாப்புப் பிளகின் ஒன்று "ரெபரர் பொலிசி"யை இறுக்கி வைத்திருக்கும். அதை "ஸ்ட்ரிக்ட் ஒரிஜின் வென் குரொஸ் ஒரிஜின்" என்று மாற்றினால் சரி.

இரண்டு நாள் கழித்து யாராவது வந்து, பிரதம விருந்தினரின் பெயர் வீடியோவில் பிழையாக இருக்கிறது என்பார்கள். யூடியூப்பில் ஒரு பைலை எடுத்துவிட்டு அதே லிங்கில் வேறு பைலை வைக்க முடியாது. ஒரு துண்டை வெட்டுவதானால் ஸ்டூடியோவின் எடிட்டரில் வெட்டலாம், லிங்க் மாறாது, பார்த்தவர் எண்ணிக்கையும் போகாது. எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் புதிதாக ஏற்றத்தான் வேண்டும். அப்போது தளத்தில் லிங்கை மாற்றி, கேஷைத் துடைத்து, புதியது ஓடுகிறது என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.